இரண்டு சாலுக்கு நடுவே

எங்கள் அப்பாயிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "பெருமாளு படுத்திருக்கறது சமுத்திரத்துலங்கறாங்க. இங்க பாத்தா ரெண்டு பக்கமும் ஆறு. சமுத்திரம் எங்கடா தம்பி இருக்கு?"

ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கடலை ஒரே ஒரு முறை, வேளாங்கண்ணி போனபோது பார்த்தவர். நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். "நாகப்பட்டினம் போனா இருக்கு அப்பாயி" என்றேன். "அது எனக்குத் தெரியாதாக்கும்" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்வி அவ்வளவு வெகுளியானது இல்லை என்று புரிந்தது. திருச்சியிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரம் வடக்கே போனால், பாடாலூர் தாண்டி காரை என்று ஒரு கிராமம். முன்பு திருச்சி மாவட்டம், இப்போது பெரம்பலூர். ஊருக்கு வெளியே செம்மண்ணும் வெளிறிய களிமண்ணும் மழையில் அரித்து மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் வெட்டவெளி. குனிந்து பார்த்தபடி நடந்தால் விரல் தடிமனில், ஒரு பக்கம் கூராக, துப்பாக்கிக் குண்டுபோல ஒரு கல் கிடைக்கும். அது கல் இல்லை. கணவாயின் தூரத்துச் சொந்தமான ஒரு கடல் உயிரின் உள் ஓடு. நாம் நிற்பது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடித் தரை.

1850களின் கடைசியில் ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற இளம் புவியியலாளர் இந்தப் பகுதி முழுக்க நடந்து அளந்து அடுக்கடுக்காகப் பிரித்தார். உத்தத்தூர், திருச்சி, அரியலூர் என்று அவர் வைத்த பெயர்களை உலகம் முழுக்க இன்றும் புவியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். இங்கே கிடைத்த தொல்லுயிர் எச்சங்களை வகைப்படுத்தி எழுதியவர் மொராவியாவிலிருந்து வந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிஸ்கா. அந்தத் தொகுதிகள் 1873 வரை வெளிவந்தன. மறு வருடமே லடாக் பக்கம் ஒரு பயணத்தில் இறந்துபோனார்.

வற்றிய கடலின் தரையை இப்படி நடந்து படிக்கலாம். தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரையை எப்படிப் படிப்பது?

பழைய வழி கயிறு. ஒரு ஈயக்குண்டு, அதன் அடியில் சின்னக் குழி, குழிக்குள் கொழுப்பு. கயிற்றில் கட்டி இறக்கினால் ஆழமும் தெரியும், கொழுப்பில் ஒட்டிக்கொண்டு வருவது மணலா சேறா சிப்பியா என்பதும் தெரியும். இரண்டு கையையும் விரித்தால் ஒரு 'பாகம்' என்பது நம் மீனவர்களின் ஆழக் கணக்கு. ஆங்கிலேயக் கப்பற்காரர்களின் 'ஃபேதம்' கணக்கும் அதே இரண்டு கைதான். 1874இல் இந்தியக் கடல் அளவைக்கென்று தனித் துறை வந்தது. 1881இல் பம்பாயில் கட்டிய 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பல் அதன் பெயர்பெற்ற கப்பல். ஆனால் ஒரு முறை கயிறு இறக்கினால் கிடைப்பது ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது வரைபடம் போடுகிறவரின் ஊகம்.

கயிற்றின் இடத்துக்கு ஒலி வந்தது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 23 மீட்டர் ஆழத்தில் போய் மோதித் திரும்ப 0.03 நொடி போதும். ஐயாயிரம் மீட்டருக்கு ஏழு நொடி பக்கம் ஆகும். கணக்கு இவ்வளவுதான். மற்றது எல்லாம் அந்தக் கணக்கைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

அந்த வேலையைப் பற்றி எனக்குச் சொன்னவர் பெரியப்பா மகன். சில வருடங்கள் ஓர் ஆய்வுக் கப்பலில் தரவு பதிகிற வேலையில் இருந்தார். ஊருக்கு வந்தபோது அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்து நான் ஆசையாகக் கேட்டேன். "கடல் எப்படிண்ணே இருக்கும், நடுராத்திரில?"

"கடலை எங்கடா பாத்தேன்? ஸ்க்ரீனதான் பாத்தேன்."

அவருடைய முறை ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு வரை, திரும்பப் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை. கப்பலின் அடிவயிற்றில் மல்டிபீம் எக்கோ சவுண்டர். ஒரே ஒரு கற்றைக்குப் பதிலாக, விசிறி விரிகிற மாதிரி நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை இரண்டு பக்கமும் அனுப்பும் கருவி. கப்பல் ஒரு நேர்கோட்டில் போகும், திரும்பும், பக்கத்துக் கோட்டில் வரும். "நம்ம தாத்தா ஏர் ஓட்டுன மாதிரிதாண்டா. சால் விடாம ஓட்டணும். ஒரு சாலோட ஓரம் அடுத்த சால்ல கொஞ்சம் ஏறணும். ஏறலைன்னா நடுவுல தரிசு."

கப்பல் சாய்வதும் எழும்பித் தாழ்வதும் ஒவ்வொரு கணமும் பதிவாக வேண்டும். இல்லையென்றால் அலையின் ஆட்டம் கடலடியில் மேடு பள்ளமாக வந்துவிடும். ஓதம் ஏறி இறங்குவதைக் கழிக்க வேண்டும். அவ்வப்போது கப்பலை நிறுத்தி ஒரு கருவியைக் கீழே இறக்கி, வெப்பமும் உப்பும் ஆழத்துக்கு ஆழம் எப்படி மாறுகின்றன என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அதற்கேற்ப ஒலியின் வேகம் மாறும், கற்றை வளையும். அதைச் சரியாகக் கணக்கில் எடுக்காவிட்டால் தட்டையான தரைகூட ஓரங்களில் சுருண்ட பாய்போலத் தெரியும். "பாக்க அழகா இருக்கும். பொய்யி."

அண்ணன் சொன்னதில் என்னை அதிகம் உறுத்தியது வேறு. ஆழ்கடலை அளப்பது சுலபம், கரையோரத்தை அளப்பதுதான் கஷ்டம் என்றார். விசிறியின் அகலம் ஆழத்தைப் பொறுத்தது. நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் ஒரே ஓட்டத்தில் பத்து கிலோமீட்டருக்கு மேல் அகலம் கிடைத்துவிடும். இருபது மீட்டர் ஆழத்தில் அறுபது, எழுபது மீட்டர்தான். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரையோரம் பத்துக்குப் பத்து கிலோமீட்டர் சதுரம், அறுபது மீட்டருக்கு ஒரு சால் என்றால் 167 சால், 1670 கிலோமீட்டர். மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் ராப்பகலாக எட்டு நாள் பக்கம் ஆகும். நடுவில் மீனவர்களின் வலை கிடக்கும், படகு குறுக்கே வரும், கடல் கொந்தளிக்கும். மனிதர்கள் வாழ்கிற கரைக்குப் பக்கத்துக் கடலடிதான் நமக்குக் கொஞ்சமாகத் தெரிந்தது என்பது அன்றைக்கு வரை எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தியப் பெருங்கடலின் முழு உருவத்தை முதலில் நம் கண்ணுக்குக் காட்டியவரும் மேசையில் உட்கார்ந்து வரைந்தவர்தான். அமெரிக்காவின் மேரி தார்ப். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆய்வுக் கப்பல்களில் பெண்களை ஏற்றமாட்டார்கள். புரூஸ் ஹீசனும் மற்ற ஆண்களும் கடலில் எடுத்துவந்த எண்களைத் தார்ப் கரையில் இருந்தபடி வரைந்தார். அட்லாண்டிக்கின் நடு மலைத்தொடரில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவதை 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டியபோது, "இது பொம்பளைப் பேச்சு" என்கிற தோரணையில் ஹீசன் முதலில் ஒதுக்கினார். தார்ப் சொன்னது சரி என்று பிறகு ஒத்துக்கொண்டார். 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் பயணத் திட்டத்தில் பல நாடுகளின் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கலந்துகொண்டன. இந்தியாவின் பக்கம் 'கிஸ்ட்னா' என்ற கடற்படைக் கப்பல் போனது. தார்ப், ஹீசன் இருவரின் இந்தியப் பெருங்கடல் வரைபடம் 1964இல் வந்தது. அதில் கணிசமான பகுதி, கப்பல்கள் போன தடங்களுக்கு நடுவே, புவியியல் அறிவை வைத்து நிரப்பப்பட்டது.

அந்தத் திட்டத்தின் தொடர்ச்சியாக 1966 ஜனவரி 1 அன்று கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் தொடங்கியது. அதன் 'கவேஷணி' கப்பல் 1981 ஜனவரி 26 அன்று அரபிக்கடலின் அடியிலிருந்து உலோகக் கனிம உருண்டைகளை எடுத்துவந்தது. இன்று சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆழ்கடல் சுரங்க இயந்திரம் ஒன்றுக்கு வராஹா என்றும், மனிதரை ஏற்றிச் செல்லும் நீர்மூழ்கிக்கு மத்ஸ்யா என்றும் பெயர் வைத்திருக்கிறது. எங்கள் ஊர்த் தசாவதாரக் கோயில் பக்கம் வளர்ந்த யாருக்கும் இந்தப் பெயர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

அதே 1981இல் பூம்புகார்க் கடலிலும் தேடல் தொடங்கியது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் கோவா நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை. முன்னின்று நடத்தியவர் எஸ். ஆர். ராவ். 1991இல் கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஏதோ ஒன்று ஒலிப்படத்தில் தெரிந்தது. முக்குளிப்பவர்கள் இறங்கியும் பார்த்தார்கள். மனிதர் கட்டியதா, இயற்கையா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை.

பிறகு எங்கள் ஊரின் முறை. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜெப்கோ என்ற உலகக் கடலடித் தரவையும் மல்டிபீம் அளவைகளையும் வைத்து, காவிரியின் பழைய கழிமுகங்கள் கடலுக்குள் பல கிலோமீட்டர் தூரம் மூழ்கிக் கிடக்கின்றன என்று காட்டினார்கள். பூம்புகார் முதலில் அங்கேதான், சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் உருவாகியிருக்கலாம் என்ற அவர்களின் முடிவு 2023இல் செய்தித்தாள்களில் வந்தது. வாட்ஸாப் குழுக்கள் அதிர்ந்தன. எனக்கும் புல்லரித்தது, மறைக்க ஒன்றுமில்லை. நான் குளித்த ஆறு, அதன் முகத்துவாரத்தில் பதினைந்தாயிரம் வருட ஊர். யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அன்றிரவே ஜெப்கோ தரவை இறக்கினேன். இலவசம்தான், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். 1903இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் தொடங்கிவைத்த பணி அது. காவிரி முகத்துவாரத்துக்குக் கிழக்கே கடலடிக்கு நிறம் கொடுத்தேன். மேடு தெரிந்தது, வாய்க்கால் தெரிந்தது. ஒரு மணி நேரம் தூக்கம் போனது.

பிறகுதான் கூடவே வருகிற இன்னொரு கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு கட்டத்தின் ஆழமும் எங்கிருந்து வந்தது என்று சொல்கிற கோப்பு அது. நேரடியாக அளந்ததா, பழைய வரைபடத்திலிருந்து எடுத்ததா, செயற்கைக்கோளின் ஈர்ப்பு அளவிலிருந்து ஊகித்ததா, பக்கத்து எண்களை வைத்து நிரப்பியதா? ஒரு கட்டம் என்பதே கிட்டத்தட்ட 450 மீட்டர். ஸ்ரீரங்கத்து ஏழு பிரகாரமும் சில கட்டங்களுக்குள் அடங்கிப்போகும். உலகக் கடலடியில் இன்று வரை தற்காலக் கருவிகளால் அளந்தது கால்வாசிதான். அண்ணனுக்குப் படத்தை அனுப்பினேன். "சால் எங்க ஓடுச்சுன்னு பாரு மொதல்ல" என்று ஒரே வரி வந்தது.

பார்க்கப் பார்க்க இன்னொன்றும் புரிந்தது. 15,000 என்ற எண் ஆழத்திலிருந்து வருவது. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு விட 120 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. பனி உருக உருக ஏறியது. 15,000 ஆண்டுகளுக்கு முன்னும் நூறு மீட்டர் அளவுக்குத் தாழ்வாகவே இருந்தது. 23 மீட்டர் ஆழத்துத் தரை ஒன்பது, பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மூழ்கியிருக்க வேண்டும், கழிமுகம் தானாகவும் அமிழ்ந்திருந்தால் அதற்குப் பிந்தி. ஆக, ஆழம் சொல்வது அங்கே எப்போது நிலம் இருந்தது என்பதை. அந்த நிலத்தில் ஊர் இருந்ததா என்று சொல்ல ஓடு வேண்டும், செங்கல் வேண்டும், கரித்துண்டு வேண்டும். பூம்புகாருக்குப் பக்கத்துக் கீழையூரில் தரையைத் தோண்டியபோது செங்கல் படகுத்துறையும் மரக்கம்பங்களும் கிடைத்தன. அதன் காலம் கி.மு. 3-4ஆம் நூற்றாண்டு. இதுவரை கையில் இருப்பது அது. மூழ்கிய கழிமுகம் உண்மையான கண்டுபிடிப்பு, திருச்சிக்காரர்கள் பெருமைப்பட வேண்டியது. அதன்மேல் ஊரை ஏற்றி வைப்பது இன்னொரு படி. அந்தப் படியில் ஏற இன்னும் சால் ஓட்ட வேண்டும், மண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும்.

மணிமேகலையில் இந்திர விழா நின்றதால் கடல் ஊரைக் கொள்கிறது. தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் கண்ணெதிரே தின்றது. 2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டிலேயே அதிக உயிர் போனது நாகப்பட்டினம் மாவட்டத்தில். நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற சுனாமி, இருபது மீட்டர் ஆழத்துக்கு வரும்போது ஐம்பது கிலோமீட்டராகக் குறைந்து உயரும். எந்தக் குப்பத்தில் எவ்வளவு உயரும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கரையோரத் தரைதான். எட்டு நாள் ஏர் ஓட்ட வேண்டிய அதே தரை. தொலைந்த ஊருக்காக அந்தச் சாலை ஓட்டினாலும் இருக்கிற ஊர்களுக்கு அது உதவும் என்பது எனக்கு ஆறுதல்.

கழிமுகம் ஆற்று மண்ணால் ஆனது. மேட்டூர் அணை 1934இலிருந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. மிச்சத்தை லாரிகள் அள்ளின. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தபோது முக்கொம்பில், 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் ஒரே ராத்திரியில் போயின. திருச்சிக் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. பாலத்தைப் பார்க்க ஊரே கரையில் நின்றது. நானும் நின்றேன். தூணுக்கு அடியில் மணல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றுதான் எல்லாரும் பேசினார்கள்.

அப்பாயி அதற்கு முன்பே போய்விட்டார். அஸ்தியை அம்மா மண்டபத்தில் கரைத்தோம். அந்த வருடம் காவிரியில் தண்ணீர் முழங்கால் அளவுதான். கடல் வரை போயிருக்குமா தெரியவில்லை.