மன்றாடியும் மந்தையும்

பரம்பரை என்னுஞ் சொல்லை நம்மவர் பெரும்பாலும் பிறப்பின் பெருமை பேசவே வழங்குகின்றனர். உழைப்புக்கும் ஒரு பரம்பரை உண்டென்பதைக் கொங்கு நாட்டுப் பழையகோட்டையின் வரலாறு நமக்குக் காட்டும்.

காங்கேயத்தை அடுத்த பழையகோட்டை, கொங்குப் பட்டக்காரர் குடும்பங்களுள் ஒன்றின் இருப்பிடமாகும். அக்குடும்பத்தில் தோன்றிய நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நல்ல பொலிகாளைகளைத் தெரிந்தெடுத்துத் தம் மந்தையைப் பெருக்கினார். காங்கேயம் இனத்தின் சீர்மைக்கு அவர் முயற்சி பெருங்காரணம் என்பர் கால்நடை நூலார். செந்நிறமாய்ப் பிறக்கும் அவ்வினக் கன்று ஏறத்தாழ 6 மாதத்தில் சாம்பல் நிறங் கொள்ளும். பால் குறைவே, ஆயினும் ஏரிலும் வண்டியிலும் கவலை இறைப்பிலும் அதன் வலிமை பெரிது.

அவ்வலிமை இரத்தத்தால் மட்டும் வந்ததன்று. மழை குறைந்த அந்நாட்டில், கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களை முட்கிளுவை வேலியிட்டுக் குடியானவர் காத்தனர். மாடுகள் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, வெள்வேலமர நிழலில் தங்கி, அதன் நெற்றுக்களையும் தின்று வளர்ந்தன. புல்லும் வேலியும் காவலும் இல்லையேல் குலம் என் செய்யும்?

சோழர் காலக் கல்வெட்டுக்களில் மன்றாடி என்பது ஆடு மேய்ப்பவனைக் குறிக்கும். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகளை ஏற்று, நாள்தோறும் நெய் அளந்தவன் அவனே. மேய்ப்பவனுக்குரிய அதே சொல் இங்கே பட்டக்காரரின் பட்டமாகவும் விளங்குகின்றது. தொழிலில் இழிவேது? மன்றாடியார் பெயரை ஊர் அறியும். வெயிலிலும் பனியிலும் பட்டி காத்த ஏழைகளின் பெயரை எத்தனை பேர் அறிவர்? காளைக்குக் குலம் பார்ப்பது பயன் கருதி. மனிதனுக்குக் குலம் பார்ப்பதோ செருக்குக் கருதி.

பின்னர் நீர் இறைக்க மோட்டாரும், உழ டிராக்டரும், பாலுக்குக் கலப்பினப் பசுவும் வந்தன. காங்கேயம் மாடுகள் குறைந்தன. ரஹாங் வட்டாரத்தில் வாழும் நமக்கும் இக்கதை புதிதன்று. ரப்பர்த் தோட்டங்களில் கூலியோடு இரண்டொரு பசுவையும் வைத்துப் பிள்ளைகளை ஆளாக்கினர் நம் முன்னோர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்களோடு தொழுவங்களும் மறைந்தன. நிலம் போனபின் மந்தை நில்லாது.

ஆதலின், அன்பர்களே, நம் வீட்டு முதியோரைக் கேட்டு, பசு வளர்த்த பாட்டியரின் பெயரையும் அவர்தம் கைப்பழக்கத்தையும் ஏட்டில் எழுதி வைப்போமாக. அதுவே நாம் பெருமை கொள்ளத்தக்க குலவரலாறு.