டியூப்லைட் வெளிச்சத்துக்கு எந்தக் கேமரா?

குடும்பப் படங்களுக்குச் சின்னதாக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை மெகாபிக்சல்?" அடுத்தது, "ஜூம் எவ்வளவு வரும்?" இந்த இரண்டு கேள்விகளை மட்டும் நம்பி வாங்கிய கேமரா நல்ல வெயிலில் குறை சொல்ல முடியாத படம் தரும். மாலை ஏழு மணிக்கு வீட்டுக்குள் குழந்தை கேக் வெட்டும்போது கைவிட்டுவிடும். கேட்க வேண்டிய கேள்வி எது என்பது, இரண்டு கேமராக்களை அருகருகே வைத்துப் பார்த்தால் தெளிவாகும்.

ஒன்று, கேனான் 2016இல் கொண்டுவந்த இக்ஸஸ் 285 எச்.எஸ். மற்றொன்று, சோனி 2012இல் கொண்டுவந்த ஆர்எக்ஸ்100. இரண்டின் மெகாபிக்சலும் ஒன்றேதான்: 20.2. ஆனால் அமெரிக்காவில் அறிமுகமானபோது கேனானின் விலை சுமார் 210 டாலர், சோனியின் விலை சுமார் 650 டாலர். அதே மெகாபிக்சலுக்கு மூன்று மடங்கு விலை ஏன் என்று புரிந்துகொண்டவருக்கு, வேறு எந்த இரண்டு சிறு கேமராக்களையும் ஒப்பிடத் தெரிந்துவிடும்.

யாருக்கான கேமரா

சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் இருக்கும் புதுச்சத்திரம் பக்கத்துக் குடும்பம் ஒன்றை மனதில் வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். கோழிப்பண்ணையும் மரவள்ளிக் காடும் லாரித் தொழிலும் உள்ள வட்டாரம் இது. இங்கே ஒரு குடும்பம் எடுக்க விரும்பும் படங்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து, கிடா விருந்து. இவை பகலில், திறந்த வெளியில். சீர், பிறந்தநாள், ஒரம்பரை வந்திருக்கும் சாயங்காலம். இவை வீட்டுக்குள், டியூப்லைட்டின் கீழே. பள்ளி ஆண்டுவிழா, இது இரவில், தூரத்து மேடையில். நான்காவது, கொல்லிமலைக்கோ நாமக்கல் கோட்டைக்கோ போய்வரும் பயணம்.

இந்த நான்கில் முதலும் கடைசியும் எந்தக் கேமராவுக்கும் எளிது. நடுவில் உள்ள இரண்டும்தான் சோதனை. வீட்டுக்குள் எடுக்கும் படங்கள்தான் பிற்பாடு அதிகம் தேடப்படுபவை. அப்பாரும் அப்பத்தாவும் இயல்பாக உட்கார்ந்து பேசுவது அங்கேதான்.

மெகாபிக்சல்: சமம்

ஸ்டுடியோவில் போடும் 4×6 இஞ்ச் பிரிண்டுக்கு, இஞ்சுக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டாலும் 1200×1800 புள்ளிகள் போதும். அதாவது 2.2 மெகாபிக்சல். 12×18 இஞ்சுக்குப் பெரிதாக்கினால் 3600×5400, சுமார் 19.4 மெகாபிக்சல். சுவரில் மாட்டும் படம்வரை இந்த இரண்டு கேமராக்களும் தாங்கும். இதற்குமேல் எண்ணைக் கூட்டிக் காட்டி விற்கப்படும் கேமராவுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஒளி: பதினாறு மடங்கு வேறுபாடு

இந்தப் புள்ளிகளை ஏந்தும் சென்சாரின் அளவு வேறு. இக்ஸஸின் சென்சார் 6.17×4.55 மி.மீ. ஆர்எக்ஸ்100இன் சென்சார் 13.2×8.8 மி.மீ. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் முன்னது 28 சதுர மி.மீ., பின்னது 116. நான்கு மடங்குக்குச் சற்று மேல்.

அடுத்தது லென்ஸ். ஜூம் செய்யாத நிலையில் இக்ஸஸின் லென்ஸ் எஃப் 3.6 வரை திறக்கும். ஆர்எக்ஸ்100 எஃப் 1.8 வரை திறக்கும். எஃப் எண் பாதியானால் உள்ளே வரும் ஒளி நான்கு மடங்காகும். பரப்பில் நான்கு, லென்ஸில் நான்கு. இரண்டையும் பெருக்கினால் பதினாறு. ஒரே அறையில், ஒரே நேர அளவுக்கு ஷட்டர் திறந்திருந்தால், சோனி ஏறத்தாழ பதினாறு மடங்கு ஒளியைச் சேர்க்கிறது.

இதன் பலன் என்ன? மங்கலான கூடத்தில் இக்ஸஸ் கால் நொடி ஷட்டர் திறந்து எடுக்க வேண்டிய படத்தை, ஆர்எக்ஸ்100 அதே தெளிவுடன் நொடியில் அறுபதில் ஒரு பங்கில் எடுத்துவிடும். கால் நொடியில் குழந்தையின் கை பனிமூட்டம்போல் கலைந்துவிடும். நேரத்தைக் குறைக்க இக்ஸஸ் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வு அளவை, ஏற்றினால் படம் புள்ளிபுள்ளியாகும். அந்தப் புள்ளிகளைக் கேமரா தானே வழித்துச் சரிசெய்யும்போது தோல் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். அப்பத்தாவின் முகச்சுருக்கம் போய்விடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எஃப் 1.8 என்பது ஜூம் செய்யாதபோது மட்டும். முழு ஜூமுக்குப் போனால் ஆர்எக்ஸ்100உம் எஃப் 4.9க்கு இறங்கிவிடும், ஒளி ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே வீட்டுக்குள் ஜூமைத் தொடாமல் இரண்டடி முன்னால் போய் எடுப்பதே இந்தக் கேமராவைப் பயன்படுத்தும் முறை.

டியூப்லைட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக்கு வைத்த டியூப்லைட் நொடிக்கு நூறு முறை மங்கித் தெளியும். வேகமான ஷட்டரில் எடுத்தால் படத்துக்குப் படம் வெளிச்சமும் நிறமும் மாறும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்திவைத்தால் இது அடங்கும். ஆர்எக்ஸ்100இல் அப்படி நிறுத்த முடியும். இக்ஸஸில் அதைக் கேமராவே தீர்மானிக்கும். மேலும் சோனி ரா கோப்பாகவும், அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாகவும், பதியும். டியூப்லைட்டும் மஞ்சள் பல்பும் கலந்த அறையில் கெட்டுப்போன தோல் நிறத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் திருத்தலாம். இக்ஸஸ் தருவது ஜேபெக் மட்டுமே.

ஃபிளாஷ்

இரண்டிலும் உண்மையான ஃபிளாஷ் உண்டு, செல்போனின் எல்.இ.டி. விளக்கைவிடப் பல மடங்கு வலுவானது. உச்சி வெயிலில் வேப்பமரத்தடியில் காதுகுத்து நடக்கும்போது, தாய்மாமன் முகத்தில் விழும் நிழலைப் போக்க இதைப் போட்டே எடுக்க வேண்டும். இந்த வேலையை இரண்டும் செவ்வனே செய்யும்.

வீட்டுக்குள் வந்தால் வேறுபாடு தெரிகிறது. இக்ஸஸின் ஃபிளாஷ் முன்பக்கத்தில் பதிந்து, நேராக முகத்தில் அடிக்கும். நெற்றி பளபளக்கும், கண் சிவக்கும், பின்சுவரில் கறுப்பு நிழல் விழும். ஆர்எக்ஸ்100இன் ஃபிளாஷ் மேலே எழும்பி நிற்கும்; விரலால் மெல்லப் பின்னால் சாய்த்தால் ஒளி கூரையில் பட்டு மென்மையாக இறங்கும். வெள்ளையடித்த தார்சு வீட்டில் இந்த உத்தி அழகாகப் பலிக்கும். ஓட்டு வீட்டில் பலிக்காது. அங்கே ஃபிளாஷை அணைத்துவிட்டு எஃப் 1.8ஐ நம்புவதே மேல்.

ஜூம்: தோன்றும் அளவு இடைவெளி இல்லை

ஜூம் கணக்கில் இக்ஸஸுக்கே வெற்றி. பிலிம் கேமராவுக்கு இணையான குவியத் தொலைவுக் கணக்கில் அது 25 முதல் 300 மி.மீ. வரை, 12 மடங்கு. ஆர்எக்ஸ்100 28 முதல் 100 வரை, 3.6 மடங்கு மட்டுமே. அகலக் கோணத்திலும் கேனான் கொஞ்சம் முந்துகிறது. சிறிய கூடத்தில் குடும்பப் படம் எடுக்கையில் ஓரத்தில் இன்னொருவர் நிற்க இடம் கிடைக்கும்.

பள்ளி ஆண்டுவிழா மேடைக்கு இக்ஸஸ்தான் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்எக்ஸ்100இல் 100 மி.மீ. நிலையில் எடுத்து, நடுவில் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டியெடுத்தால் 300 மி.மீ. காட்சி கிடைக்கும். 20.2 மெகாபிக்சலை ஒன்பதால் வகுத்தால் 2.2 மிஞ்சும். 4×6 பிரிண்டுக்கு நாம் கண்ட அளவு இதுவே.

ஒளியும் அப்படித்தான். வெட்டியெடுத்த அந்தப் பங்குக்குச் சென்சாரில் சுமார் 13 சதுர மி.மீ. இடமே இருக்கிறது, ஆனால் லென்ஸ் எஃப் 4.9. இக்ஸஸுக்கு முழு 28 சதுர மி.மீ. கிடைக்கிறது, ஆனால் 300 மி.மீ. நிலையில் லென்ஸ் எஃப் 7க்கு இறங்கிவிடுகிறது. கூட்டிக் கழித்தால் இரண்டும் சேர்க்கும் ஒளி ஏறத்தாழ சமம். இரவு மேடையில் 12 மடங்கு ஜூம், தூரத்தை வெல்கிறதே தவிர இருட்டை வெல்வதில்லை.

பகலில் கதை மாறும். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவிலிருந்து கீழே தெரியும் ஊரையோ, ஆகாயகங்கை அருவிக்கடியில் நிற்கும் பிள்ளைகளையோ எடுக்கும்போது, வெட்டியெடுத்த 2.2 மெகாபிக்சலைவிட இக்ஸஸின் முழுப் படம் நிச்சயம் நுணுக்கமாக இருக்கும். தூரத்தைப் பகலில் எடுப்பதே ஒருவரின் முதல் ஆசை என்றால் கேனானே சரி.

கையும் பையும் புழுதியும்

இக்ஸஸின் எடை 147 கிராம், கனம் 22.8 மி.மீ. சட்டைப்பையில் போட்டால் தெரியாது. ஆர்எக்ஸ்100 240 கிராம், 36 மி.மீ.; சட்டைப்பையை இழுக்கும். இக்ஸஸை யார் கையில் கொடுத்தாலும் பட்டனை அழுத்தினால் படம் வரும். சோனியிலும் ஆட்டோ உண்டு, ஆனால் அதன் முழுப் பயனைப் பெற வீட்டில் ஒருவராவது சில அமைப்புகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். இக்ஸஸில் வைஃபை இருக்கிறது, படத்தை உடனே செல்போனுக்கு மாற்றலாம். முதல் ஆர்எக்ஸ்100இல் அது இல்லை. மெமரி அட்டையைக் கழற்றிக் கார்டு ரீடரில் போட வேண்டும். கேனானுக்குத் தனிச் சார்ஜர் வரும். ஒரு பேட்டரியால் படம் எடுக்கையில் மற்றொன்றை ஏற்றலாம். சோனியில் கேமராவுக்குள்ளேயே ஏற்ற வேண்டும் என்பதால் கூடுதல் பேட்டரியோடு சார்ஜரும் தனியாக வாங்குவது நல்லது. வேகத்தில் சோனி முன்னே நிற்கிறது. நொடிக்குப் பத்துப் படம்வரை தொடர்ந்து எடுக்கும். காதுகுத்தில் ஆசாரி கம்பியை அழுத்தும் கணமும் குழந்தை அழத் தொடங்கும் கணமும் அதில் தப்பாது.

நம் வட்டாரத்தில் இரண்டுக்கும் பொதுவான எதிரி தூசு. உள்ளே போய் வெளியே வரும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றை இழுக்கும். கோழித் தீவனத் தூளும் லாரிப் புழுதியும் அதோடு நுழைந்து சென்சாரில் ஒட்டும், அல்லது லென்ஸைப் பாதியில் மாட்டிக்கொள்ளச் செய்யும். பண்ணைக்குள்ளும் சாலையோரத்திலும் எடுத்து முடித்ததும் துடைத்து, மூடும் பையில் வைக்க வேண்டும். இன்று இவை பெரும்பாலும் பழைய கேமராவாகவே கிடைக்கும் என்பதால் வாங்கும்போதும் இதைப் பார்க்க வேண்டும். வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கினால் தூசு கரும்புள்ளியாகத் தெரியும். ஜூமை முழுக்கப் போகவிட்டுத் திரும்ப வரவிட்டால் லென்ஸின் நலம் தெரியும். பேட்டரி வீங்கியிருந்தால் மாற்ற வேண்டும்.

செல்போன் இருக்கையில் எதற்கு?

ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கக் கணக்கில் 2010இல் 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள், 2023இல் 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. செல்போன்தான் காரணம், அது நியாயமான காரணமும்கூட. நல்ல செல்போன் சில படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைத்து, சிறிய சென்சாரின் குறையைப் பெருமளவு ஈடுகட்டுகிறது. அசையாமல் உட்கார்ந்திருப்பவரை வீட்டுக்குள் எடுக்க, அப்படிப்பட்ட செல்போன் இக்ஸஸை மிஞ்சும். எனவே நல்ல செல்போன் உள்ள வீட்டில் இக்ஸஸ் தனியாகத் தருவது ஜூமும் ஃபிளாஷும்தான். ஆர்எக்ஸ்100 தருவது இன்னும் அதிகம்: பெரிய சென்சார், சாய்க்கக்கூடிய ஃபிளாஷ், முகத்தைக் கோணலாக்காத 70 முதல் 100 மி.மீ. கோணம். அதோடு, இரண்டு கேமராவிலும் படம் அட்டையில் முழு அளவில் தங்கும். வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போன பிரதி மட்டுமே கடைசியில் மிஞ்சும் நிலை வராது.

முடிவு

வீட்டில் நல்ல செல்போன் இல்லை, பணம் குறைவு, கேமராவைப் பிள்ளைகளும் பெரியவர்களும் மாறிமாறிக் கையாளுவார்கள், படங்கள் பெரும்பாலும் பகலில்தான் என்றால், இக்ஸஸோ அதன் வகையில் மற்றொன்றோ போதும். மிச்சமாகும் பணத்தைப் பிரிண்ட் போடச் செலவிடலாம்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை ஆர்எக்ஸ்100, அல்லது அதே அளவுச் சென்சாரும் எஃப் 1.8 லென்ஸும் கொண்ட வேறொன்று. காரணம் ஒன்றே. சோனியில் குறைவது ஜூம். அதைப் பிறகு வெட்டியெடுத்துச் சரிக்கட்டலாம். கேனானில் குறைவது ஒளி. எடுக்கும் நேரத்தில் சேராத ஒளியைப் பிறகு எந்தக் கம்ப்யூட்டராலும் கொண்டுவந்து சேர்க்க முடியாது.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது, "சென்சார் எவ்வளவு பெரிது? ஜூம் செய்யாதபோது லென்ஸ் எஃப் எத்தனை?" என்ற இரண்டும்தான். அதற்கும் பதில் தெளிவாக வரவில்லையா? கடையின் இருண்ட மூலையில் ஒருவரை நிற்கச் சொல்லி, கையை ஆட்டச் சொல்லி, ஃபிளாஷ் இல்லாமல், ஜூம் இல்லாமல் இரண்டு கேமராவிலும் படம் எடுங்கள். திரையில் அவர் கண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். இமைமுடி எதில் தெரிகிறதோ, கை எதில் கையாகவே இருக்கிறதோ, அதை வாங்குங்கள்.