மணிமேகலை ஏன் ஆண் வேடம் போட்டாள்?

(ஒலிப்பதிவிலிருந்து தொகுத்த எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை நாச்சியாபுரத்துல, எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பதிவு பண்ணேன். நடுநடுவுல மயில் கத்துறது கேட்டிருக்கும். எழுத்துல அதை எடுத்துட்டோம், கேட்கணும்னா ஆடியோவுக்குத்தான் போகணும்.

இன்னைக்குப் பேசப் போறது தத்துவத்தோட அரிச்சுவடி. தப்பான வாதம்னா என்ன, மனுஷன்னா யாரு, இந்த ரெண்டு கேள்வி. இந்தத் தலைப்பை எடுக்கக் காரணம் ஒரு பங்காளிக் கூட்டம்.

எங்க பெரிய வீடு பல பங்குக்குப் பொதுவானது. மழைக்கு ஒழுகுது. அதை வித்துடலாமா, இல்ல வெச்சுப் பாக்கலாமான்னு பேச எல்லாரும் வளவுல கூடியிருந்தோம். என் தங்கச்சி ஒரு கருத்து சொன்னா: "ஒழுகுறது இரண்டாம் கட்டு மட்டும்தான். அங்க ஓடு மாத்த எவ்வளவு ஆகும்னு முதல்ல ஒரு கணக்குப் போடுவோம். அதுக்கப்புறம் விக்கிறதைப் பேசலாம்." கூட்டத்துல இருந்து வந்த பதில்: "நீ கட்டிக்கொடுத்தா இன்னொரு வீட்டுக்குப் போறவ. உனக்கெதுக்கு இது?"

அவ்வளவுதான். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருச்சு. ஓட்டுக் கணக்கு என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கலை. நானும் கேக்கலை. போனைப் பாத்துக்கிட்டு இருந்தேன். ராத்திரி தூக்கம் வராம, காலேஜ் காலத்துல பாதியில விட்ட மணிமேகலையை எடுத்தேன். அதுலதான் இந்த எபிசோட் கிடைச்சுது.

காப்பியத்துக்குள்ள ஒரு பாடப்புத்தகம்

மணிமேகலைன்னா நமக்கு அமுதசுரபி ஞாபகம் வரும். பசிச்சவங்களுக்குச் சோறு போடுற பொண்ணு. ஸ்கூல்ல அதோட முடிஞ்சுரும். ஆனா மொத்தம் 30 காதைகள்ல 29-வது காதை பெரும்பாலும் தர்க்கப் பாடம். காஞ்சிபுரத்துல அறவண அடிகள் மணிமேகலைக்கு எது சரியான வாதம், எது போலி வாதம்னு வரிசையா சொல்லித் தர்றார்.

இந்தப் பகுதி நம்ம கைக்கு வந்ததே ஒரு கதை. உ.வே. சாமிநாதையர் இந்த நூலை 1898-ல் பதிப்பிச்சார். அவர் திருவாவடுதுறை சைவ மடத்துல தமிழ் படிச்சவர். பௌத்தச் சொற்கள் பலதுக்கு விளக்கம் சொல்ல அப்போ ஆள் கிடைக்கலை. கும்பகோணம் கல்லூரியில கூட வேலை பார்த்த ரங்காசாரியார் பௌத்த நூல்களைப் படிச்சு அவருக்கு விளக்கிச் சொன்னார். சைவ மடத்து மாணவரும் ஒரு வைணவ நண்பரும் சேர்ந்து ஒரு பௌத்தக் காப்பியத்தை மீட்டாங்க.

சரி, பாடத்துக்கு வருவோம். குன்றக்குடி மலை மேல புகை தெரியுதுன்னு வைங்க. "மலையில நெருப்பு இருக்கு" அப்படிங்கறது பக்கம். அதாவது நாம நிரூபிக்க வேண்டிய கூற்று. "ஏன்னா புகை இருக்கு" அப்படிங்கறது ஏது, காரணம். "அடுக்களை மாதிரி" அப்படிங்கறது திட்டாந்தம், எடுத்துக்காட்டு. புகையும் நெருப்பும் சேர்ந்தே இருக்கும்னு நாம தினமும் பாக்குற இடம் அடுக்களை. இதுக்கு மேல உபநயம், நிகமனம்னு இன்னும் ரெண்டு உறுப்பு உண்டு. அது ரெண்டும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கிரும்னு அறவண அடிகள் சொல்லிடுறார். மிஞ்சுறது மூணு.

இந்த மூணுல எது உடைஞ்சாலும் வாதம் உடையும். அதனால போலிகளும் மூணு வகை. பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. மொத்தம் 33. நான் பார்க்கிற வேலையில பக் வந்தா "எங்க உடைஞ்சது, என்ன வகை"ன்னு குறிச்சு வைப்போம். அதே ஒழுங்கு இங்கேயும் இருக்கு.

இந்தப் பட்டியல் சங்கரசுவாமி எழுதின நியாயப் பிரவேசம்ங்கற சமஸ்கிருத நூலோட கிட்டத்தட்ட அப்படியே பொருந்துது. பௌத்தத் தர்க்கத்தை ஒழுங்குபடுத்தின திக்நாகர் வழியில வந்த நூல் அது. யார் முன்னாடி, யார் பின்னாடிங்கறதுல அறிஞர்களுக்குள்ள பெரிய சண்டை. 1928-ல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் இந்தக் காப்பியத்தைப் பத்தித் தனிப் புத்தகமே போட்டு, மணிமேகலைதான் முந்தினதுன்னு வாதாடினார்.

சில உதாரணங்கள். "என் தாய் மலடி"ன்னு ஒருத்தன் சொன்னா, அவன் சொல்லே அவனைக் கவுத்துரும். இது பக்கப் போலி. தூரத்துல தெரியறது பனியா புகையான்னே தெரியலை, ஆனா "அங்க நெருப்பு இருக்கு"ன்னு அடிச்சுச் சொன்னா அது ஏதுப் போலி. வாட்ஸ்அப்ல வர்ற பாதிச் செய்தி இந்த வகைதான். இன்னொண்ணு இருக்கு: ஒரு காரணம் சொல்றோம், ஆனா அது நம்ம முடிவுக்கும் பொருந்தும், எதிர் முடிவுக்கும் பொருந்தும். அப்ப அது எதையும் நிரூபிக்காது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச போலி இனிமேதான் வருது. ஒரு சாங்கியர் பௌத்தர்கிட்ட வந்து "ஆன்மாவுக்கு அறிவு உண்டு"ன்னு சொல்றார். இது தப்பு. கருத்து சரியா தப்பாங்கறது அப்புறம். ஆன்மான்னு ஒண்ணு இருக்குன்னே பௌத்தர் ஒத்துக்கலையே. இல்லாத வீட்டுக்கு வாடகை பேசுற மாதிரி. முதல்ல அது இருக்குன்னு காட்டு, பிறகு அதோட குணத்தைப் பேசு. அதாவது, எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் எதை ஏத்துக்குறார்ங்கறதுல இருந்துதான் வாதம் தொடங்கணும்.

மனுஷன்னா யாரு?

இந்த உதாரணத்துலயே ரெண்டாவது கேள்வியும் வந்துருச்சு பாருங்க. உடம்புக்குள்ள "நான்"னு ஒண்ணு தனியா இருக்கா?

27-வது காதையில பூதவாதி ஒருத்தர் வர்றார். பூவும் வெல்லக்கட்டியும் போட்டு ஊறவெச்சா எப்படிப் போதை தானா பிறக்குதோ, அப்படித்தான் பூதங்கள் கூடினா உணர்வு பிறக்குது. கண்ணால காண்றது மட்டும்தான் உண்மை, அனுமானமெல்லாம் பொய். இதுதான் அவர் கட்சி. மணிமேகலை சிரிச்சுக்கிட்டே ஒரு கேள்வி கேக்குறா: உன் அப்பா அம்மா யாருன்னு அனுமானம் இல்லாம உனக்கு எப்படித் தெரியும்? பூதவாதி சொன்னது முழுசும் இதனால விழுந்துடாது. ஆனா "அனுமானமே வேண்டாம்"ங்கற பாதி விழுந்துருது.

13-ம் நூற்றாண்டுக்கு வருவோம். மெய்கண்டார் சிவஞானபோதம்னு 12 சூத்திரத்துல ஒரு நூல் எழுதினார். அவர் சைவர். பௌத்தருக்கு நேர் எதிர்க்கட்சி. ஆனா நூலோட அமைப்பு என்ன? மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு. காஞ்சியில மணிமேகலை கத்துக்கிட்ட அதே மூணு உறுப்பு. மூணாவது சூத்திரத்துல, உயிர்னு ஒண்ணு உண்டுன்னு காட்ட காரணங்களை அடுக்குறார். அதுல ஒண்ணு: நாம "என் உடம்பு"ன்னு சொல்றோம். "என் வீடு"ங்கும்போது வீடு வேற, நான் வேற. அப்ப "என் உடம்பு"ன்னு சொல்றது யாரு? இன்னொண்ணு: "இல்லை, இல்லை"ன்னு ஒவ்வொண்ணா மறுத்துக்கிட்டே போனாலும், அப்படி மறுக்கிற அறிவு ஒண்ணு மிஞ்சுதே, அது எது?

எங்க அப்பத்தா முட்டி வலியில எந்திரிக்கும்போதெல்லாம் "இந்த உடம்பு எனக்கே பாரமா இருக்குப்பா"ன்னு சொல்லும். அப்பத்தா மெய்கண்டாரைப் படிச்சதில்லை. ஆனா மூணாவது சூத்திரத்தை தினமும் சொல்லிக்கிட்டு இருக்கு.

பௌத்தர் இதுக்கு என்ன சொல்வார்? மிலிந்தன்ங்கற கிரேக்க அரசன்கிட்ட நாகசேனர் தேரைக் காட்டிப் பேசின பழைய உரையாடல் ஒண்ணு உண்டு. சக்கரம் தேரா? இல்லை. அச்சு தேரா? இல்லை. எல்லாம் சேர்ந்து நிக்கிறதுக்கு நாம வெச்ச பேருதான் தேர். "நான்"ங்கறதும் அப்படி ஒரு பேர்தான். எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. "என் உயிர்"னும்தானே சொல்றோம்? அப்ப உயிருக்குச் சொந்தக்காரர் யாரு? பேச்சு வழக்கை வெச்சு எவ்வளவு தூரம் போகலாம்?

இதுக்கு நான் தீர்ப்புச் சொல்லப் போறதில்லை. ஆனா ஒண்ணு கவனிங்க. "நான்" இருக்குங்கறவரும் இல்லைங்கறவரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டாங்க. மெய்கண்டாரோட மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ல பரபக்கம்னு ஒரு பகுதியே வெச்சார். 14 எதிர்க்கட்சிகளை எடுத்து, ஒவ்வொருத்தரும் என்ன சொல்றாங்கன்னு முதல்ல எழுதி, அப்புறம்தான் மறுத்தார்.

அந்த அருணந்தியைப் பத்திச் சைவ மரபுல ஒரு கதை சொல்வாங்க. அவர் மெய்கண்டாரோட குடும்பத்துக்கே குரு, வயசுல பெரியவர். மெய்கண்டார் சின்னப் பிள்ளை. இந்தப் பையன் என்ன சொல்லிட முடியும்னு சோதிக்கப் போனவர், அவருக்கே மாணவரா ஆயிட்டார்.

பட்டியல்ல இல்லாத போலி

இப்ப தலைப்புக் கேள்வி. 33 போலியிலயும் நான் தேடினது கிடைக்கலை. சொன்ன காரணத்தை விட்டுட்டு, சொன்ன ஆளைப் பிடிக்கிற போலி. அது அந்தப் பட்டியல்ல இல்லை. ஆனா கதையில இருக்கு.

மணிமேகலை வஞ்சி நகரத்துக்குப் போய், அளவைவாதியில இருந்து பூதவாதி வரைக்கும் பத்துப் பேர்கிட்ட அவங்கவங்க சமயக் கருத்தைக் கேக்கணும். அதுக்கு அவ ஆண் துறவி வேடத்துல போறா. ஏன்னா, "நீ இளம்பெண், வளையல் போட்டவ, உனக்கு யாரும் பொருள் சொல்ல மாட்டாங்க, வேற உருவம் எடுத்துக்கோ"ன்னு அவளுக்கு முன்னாடியே சொல்லியாச்சு. அளவைகளை எல்லாம் அலசத் தெரிஞ்ச அந்த ஊர்ல, கேள்வி கேக்கவே ஒரு வேடம் தேவைப்பட்டுது. காஞ்சியில தன்னை முன்பே அறிஞ்ச ஆசிரியர்கிட்டதான் அவ முழுத் தர்க்கத்தையும் படிக்கிறா.

13-வது காதையில ஆபுத்திரன் வர்றான். வேள்விக்குக் கட்டிவெச்ச பசுவை அவிழ்த்து விட்டுர்றான். பசுவைக் கொல்றது சரியாங்கறதுதான் கேள்வி. அந்தணர்கள் அதை விட்டுட்டு "நீ ஆ மகன்"னு ஏசுறாங்க. அவன் சும்மா இருக்கலை. பசு வயித்துலயும் மான் வயித்துலயும் புலி வயித்துலயும் நரி வயித்துலயும் பிறந்தவங்களை நீங்களே முனிவர்னு கும்பிடுறீங்களேன்னு கேக்குறான். உடனே பேச்சு அவன் தாய் சாலியோட ஒழுக்கத்துக்குப் போகுது. அதுக்கும் அவன் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்றான்: வசிட்டரும் அகத்தியரும் யார் பிள்ளைகள்? கடைசியில அவனை ஊரே ஒதுக்குது. பசுவைப் பத்தின கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. ஓட்டுக் கணக்கு மாதிரியே.

எனக்குப் புரிஞ்சது இதுதான். மனுஷன்னா உடம்பா, உயிரா, வெறும் பேரான்னு ஆயிரம் வருஷமா முடியாத சண்டை. ஆனா சண்டை போட்டவங்க எல்லாரும், சொல்லாமலே ஒண்ணை ஏத்துக்கிட்டாங்க: எதிர்ல இருக்கிறவர் காரணம் கேட்டா புரிஞ்சுக்கிறவர், காரணம் சொல்லத் தெரிஞ்சவர். ஒருத்தர் சொன்ன காரணத்துக்குப் பதில் சொல்றதுதான் அவரை மனுஷரா ஏத்துக்கிறதுக்கு அடையாளம். பதில் சொல்லாம "நீ யாரு"ன்னு கேக்குறப்ப, வாதம் மட்டும் உடையலை.

பட்டிமண்டபம்ங்கற சொல் மணிமேகலையோட முதல் காதையிலேயே வருது. நம்ம பக்கத்துல அதுக்குத் தனி இடம் உண்டு. 1939-ல் சா. கணேசன் காரைக்குடியில கம்பன் கழகம் தொடங்கினார். அந்த மேடையும் குன்றக்குடி அடிகளாரும் பட்டிமன்றத்தை ஊர் ஊருக்குக் கொண்டு போனாங்க. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ரெண்டு கட்சியையும் கேட்டுக் கைதட்டின ஊர் இது. வளவுக்குள்ள வந்தா மட்டும் ஒரு கட்சிதான்.

மறுநாள் தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "கூட்டத்துல கேட்டிருக்கணும்"னு சொன்னா. நியாயம்தான். அதனால ஒரு கொத்தனாரைக் கூட்டிட்டுப் போய் இரண்டாம் கட்டைப் பாத்து, ஓடு மாத்துற செலவை அவளும் நானும் எழுதி வெச்சிருக்கோம். அடுத்த கூட்டத்துல அதை வாசிக்கப் போறது அவதான். கணக்குத் தப்புன்னா தப்புன்னு சொல்லட்டும், வீட்டைக்கூட விக்கட்டும். ஆனா அந்தக் கணக்குக்குப் பதில் வராம பேச்சு நகர்ந்தா, இந்தத் தடவை நான் போனைக் கீழ வெச்சுட்டு எந்திரிப்பேன்.

அடுத்த எபிசோட்ல நீலகேசியைப் பாப்போம். மணிமேகலையோட கட்சிக்காரங்களை ஊர் ஊரா போய் வாதத்துல மடக்கின சமணப் பொண்ணு.