திறந்த சமையலறைக்கான எல்இடி கூரை விளக்குகள் (சிங்கப்பூர்)

சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் நடுவே சுவர் இல்லாத சிங்கப்பூர் வீடுகளில் கூரை விளக்கு வாங்குவது அலங்காரத்தைவிடக் கணக்கு சார்ந்த வேலை. கான்கிரீட் தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, மின்வயர் எங்கே பதிந்திருக்கிறது, அந்த வீட்டில் என்ன சமையல் நடக்கிறது என்பவைதாம் விளக்கைத் தீர்மானிக்கின்றன. கடையில் கண்ணைப் பறிக்கும் விளக்கின் வடிவம் இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிகளில்தான் சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். பழைய வீவக வீட்டில் சமையலறை பின்பக்கம் தனியே இருக்கும். தாளிப்பு நெடி கூடத்துக்கு வராது, ஒரு வெள்ளைக் குழல்விளக்கு போதும். புதுப்பிக்கும்போது அந்தச் சுவரை எடுப்பது பின்னால் வந்த வழக்கம். அதற்குக் கழகத்தின் அனுமதி வேண்டும்; கட்டடத்தைத் தாங்கும் சுவர் என்றால் தொடவே முடியாது. 2024 அக்டோபரில் நடந்த பிடிஓ (தேவைக்கேற்பக் கட்டித்தரும் புதிய வீவக வீடுகள்) விற்பனையில், காலாங் வாம்போ வட்டாரத்தின் கிராஃபர்ட் ஹைட்ஸ் திட்டத்தில், அறைத் தடுப்புகளே இல்லாமல் ஒப்படைக்கும் ‘ஒயிட் ஃபிளாட்’ முதன்முதலாக முன்னோட்டமாக வந்தது. சுவர் போனால் ஒளிக்கும் தடுப்பு இல்லை. அடுப்புக்குப் போட்ட வெளிச்சம் சோபாவில் படுத்திருப்பவர் கண்ணில் அடிக்கும்.

கூரை

வீவக வீட்டின் உட்கூரை உயரம் பொதுவாகச் சுமார் 2.6 மீட்டர். ஃபால்ஸ் சீலிங் போட்டாலும் தரையிலிருந்து 2.4 மீட்டராவது விடவேண்டும் என்பது விதி. ஆக, டவுன்லைட்டும் (கூரைக்குள் பதிக்கும் விளக்கு) அதற்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரும் வயரும் அடங்க 20 சென்டிமீட்டருக்குள்தான் இடம். பலர் முழுக் கூரையையும் இறக்காமல், கேபினெட் ஓரமாக மட்டும் ‘எல்-பாக்ஸ்’ எனும் எல் வடிவப் பெட்டியைக் கட்டிக்கொள்கிறார்கள். தாழ்ந்த கூரைக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்றால், கூரையில் ஏற்கெனவே உள்ள மின்முனையிலிருந்து வெள்ளை பிவிசி கேசிங்கில் வயரை ஓட்டி, தளத்தின்மேல் பொருத்தும் விளக்கோ டிராக் லைட்டோ போடலாம்.

கூடத்தின் மின்விசிறியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விசிறி இறக்கைகளுக்கு மேலே டவுன்லைட் விழுந்தால், இறக்கை சுற்றச் சுற்ற ஒளி வெட்டி வெட்டித் துடிக்கும். அரை மணி நேரம் அங்கே உட்கார முடியாது. விளக்கின் இடத்தைக் குறிக்கும் முன்பே விசிறியின் சுற்றளவைக் கூரையில் வரைந்துவிட வேண்டும்.

எவ்வளவு வெளிச்சம்

பெட்டியில் பார்க்கவேண்டியது வாட் இல்லை, லுமென். வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். லுமென் அது தரும் ஒளி. காய் நறுக்கும் மேடையில் 300 முதல் 500 லக்ஸ் (சதுர மீட்டருக்கு விழும் லுமென்) வரை வேண்டும்; நடந்து போகும் இடத்துக்கு 100, 150 போதும். 10 சதுர மீட்டர் சமையல் பகுதி முழுவதும் 300 லக்ஸ் கிடைக்க 3,000 லுமென் கீழே வந்து சேரவேண்டும். சுவரும் கேபினெட்டும் விழுங்குவதைச் சேர்த்தால் விளக்குகளிலிருந்து 4,500 லுமென் அளவுக்குப் புறப்பட வேண்டியிருக்கும். வாட்டுக்கு 100 லுமென் தரும் எல்இடி என்றால் 45 வாட்.

ஆனால் அத்தனையையும் நடுக்கூரையில் ஒரே வட்ட விளக்காக மாட்டுவது பெரிய பிழை. சமைப்பவர் மேடையைப் பார்த்து நிற்கிறார், விளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவருடைய நிழலே அரிவாள்மனைமேலும் கத்திமேலும் விழுகிறது. டவுன்லைட்டுகள் மேடையின் முன்விளிம்புக்கு நேர்மேலே, சுவரிலிருந்து ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் தள்ளி வரவேண்டும். மேல் கேபினெட்டின் அடியில், முன்பக்கமாக, அலுமினியச் சட்டத்தில் ஒரு எல்இடி பட்டை ஒட்டினால் நிழல் தொல்லை தீர்ந்தது. கையில் காசு குறைவு என்றால் கூரை விளக்கில் சிக்கனம் பிடித்து இந்தப் பட்டையை வாங்கலாம். மேடைக்கு ஒரு சுவிட்ச், சாப்பாட்டு மேசைக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று என்று பிரிப்பது கட்டாயம்.

நிறம்

3,000 கெல்வின் மஞ்சள் சாயல், 4,000 நடுநிலை, 6,500 நீலச் சாயல் கொண்ட பகல் வெள்ளை. திறந்த வீட்டுக்கு மேடையில் 4,000, கூடத்தில் 3,000 ஒத்துப்போகும். சுவிட்சை அணைத்துப் போட்டால் நிறம் மாறும் மூவண்ண விளக்குகள் இங்கே நன்றாக விற்கின்றன. ஒரே சுவிட்சில் ஆறு விளக்குகள் இருந்தால் ஒருநாள் அவற்றில் ஒன்று மட்டும் தாளம் தப்பும்: ஐந்து மஞ்சள், ஒன்று வெள்ளை.

நிறம் காட்டும் திறன் இன்னும் முக்கியம். இன்றைய வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது நீல எல்இடி. அதைச் சாத்தியமாக்கிய அகாசாக்கி, அமானோ, நாகமுரா மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். நீல ஒளி மஞ்சள் பாஸ்பர் பூச்சைத் தாண்டி வெள்ளையாகிறது. மலிவான விளக்கில் ஆழ்ந்த சிவப்பு குறைந்துபோகும். பெட்டியில் போடும் ‘ஆர்ஏ’ எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி மட்டுமே. சிவப்புக்கு ‘ஆர்9’ என்று தனி எண் உண்டு. தேக்கா சந்தையில் வாங்கிய வஞ்சிரத்தின் செவுள் சிவப்பா பழுப்பா, வெங்காயம் பொன்னிறமா கருகத் தொடங்கிவிட்டதா, மிளகாய்த்தூள் எண்ணெயில் நிறம் விட்டதா என்று நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சமைக்கும் வீட்டுக்கு ஆர்ஏ 90க்கும் ஆர்9 50க்கும் குறையாத விளக்கு வேண்டும். வாட் குறைந்தாலும் இதில் குறைக்கக்கூடாது.

எண்ணெயும் வெப்பமும்

வடை சுடும் வீட்டில் எண்ணெய் ஆவி கூரைவரை ஏறும். துணி உறை, படிகத் தொங்கல், திறந்த சல்லடை எல்லாம் சில மாதங்களில் பிசுபிசுக்கும். இடைவெளியின்றி மூடிய, துடைக்க வழவழப்பான உறைதான் அடுப்புப் பக்கத்துக்கு உகந்தது. பூச்சிகளும் உள்ளே போய்ச் செத்துக் கிடக்காது. எல்இடி சில்லைவிட அதன் டிரைவர்தான் முதலில் கெடும், அதுவும் காற்றோட்டமில்லாத ஃபால்ஸ் சீலிங்குக்குள் வெப்பத்தால். டிரைவரைத் தனியே மாற்றமுடியுமா என்று கேட்டு வாங்கவேண்டும். மட்டமான டிரைவரில் ஒளி நொடிக்கு 100 முறை மினுங்கும். கைப்பேசியின் ஸ்லோ மோஷனில் பிடித்தால் தெரிந்துவிடும்.

வாங்குமிடமும் விதிகளும்

விளக்குக் கடைகளுக்குப் பெயர்போனது பாலஸ்டியர் சாலை. சிங்கப்பூருக்கான முதல் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜோசப் பாலஸ்டியர் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டம் போட்ட இடம் அது. எல்இடி பட்டை, டிரைவர் போன்ற உதிரிகளுக்கு லிட்டில் இந்தியாவை ஒட்டிய சிம் லிம் டவர். குமிழ் விளக்குக்கு சையது ஆல்வி சாலையின் முஸ்தஃபா. கடையில் நூறு விளக்குகள் ஒன்றாக எரியும்போது எதன் நிறமும் புலப்படாது. மற்றவற்றை அணைக்கச் சொல்லி, பொட்டலத்தில் கொண்டுபோன மிளகாய்த்தூளை அடியில் வைத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விளக்குகளுக்கு எரிசக்திச் சிட்டை 2015 முதல் கட்டாயம். டவுன்லைட் மின்மாற்றி பாதுகாப்புக் குறி பெற்றிருக்க வேண்டும். வயரிங் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யவேண்டும். வீவக குடும்பங்களுக்கு 2024இல் 300 வெள்ளியும் 2025இல் மேலும் 100 வெள்ளியும் தந்த பருவநிலைப் பற்றுச்சீட்டுகளில் எல்இடி விளக்கும் வாங்கலாம்; அவை 2027 டிசம்பர் 31 வரை செல்லும். கழற்றிய பழைய குழல்விளக்கில் பாதரசம் இருப்பதால் அதைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள். 2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுத் திட்டத்தில், விளக்குகளை ஏற்கும் தொட்டிகள் வைக்கப்பட்டுள்ளன.