கோட்டைத் தாண்டி வந்த கோல் காப்பாளர்கள்

நம் ஊர்களில் ஐஸ் என்றால் ஐஸ்பழமும் மீன் பெட்டியும்தான் ஞாபகத்துக்கு வரும். இருந்தாலும் இன்று ஐஸ் ஹொக்கியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். ஒரு சட்டம் எப்படிப் பிறக்கிறது, யாருக்காகப் பிறக்கிறது என்பதற்கு இந்த விளையாட்டின் வரலாற்றில் நல்லதொரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் விளையாட்டைத் தெரிந்துகொள்வோம். வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் ஐஸ் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். சுற்றிவரப் பலகைச் சுவர். பந்துக்குப் பதிலாகக் கெட்டியான கறுப்பு இறப்பர் வட்டு. எடை 170 கிராமுக்கு மேல் போகாது. கோல் கம்பத்துக்குப் பின்னாலும் 11 அடி இடம் இருக்கிறது. அங்கேயும் ஆட்டம் நடக்கும். நமது கதை முழுவதும் அந்த 11 அடியைச் சுற்றித்தான்.

எதிரணி அடிக்கடி செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. பாதித் தளத்திலிருந்து வட்டை எதிரியின் மூலைக்கு அடித்துவிட்டுப் பின்னாலேயே விரட்டி ஓடுவது. பின்கள வீரர் திரும்பி ஓடி, முகத்தைப் பலகைக்கும் முதுகை எதிரிக்கும் கொடுத்தபடி வட்டை எடுக்க வேண்டும். வேகமாக வரும் ஒருவர் மோதினால் பலகையோடு நசுங்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் கோல் காப்பாளர் வெளியே வந்து, வட்டை மறித்து, தன் ஆளுக்குத் தள்ளிக் கொடுத்துவிட்டால்? எதிரியின் தந்திரம் அவ்வளவோடு முடிந்தது. பின்கள வீரரின் முதுகும் தப்பியது.

இதை ஒரு கலையாக மாற்றியவர் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1929இல் பிறந்த ஜாக் பிளான்ட். இளமையில் அவர் ஆடிய அணியின் பின்கள வீரர்கள் பலவீனமானவர்கள். அவர்களை நம்பி நின்றால் சரிவராது என்று தானே வெளியே போய் வட்டை எடுக்கப் பழகினார் என்று சொல்வார்கள். அவர் வலையைக் காலியாக விட்டுப் போகும்போது பார்ப்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் 1956 முதல் 1960 வரை மொன்ட்ரியல் கனேடியன்ஸ் அணி தொடர்ந்து ஐந்து தடவை ஸ்டான்லி கிண்ணத்தை வென்றபோது கோல் காத்தவர் அவர்தான். 1959 நவம்பர் முதலாம் திகதி நியூயோர்க்கில் வட்டு முகத்தில் பட்டு இரத்தம் வழிய, தையல் போட்டுவிட்டு முகமூடியோடு திரும்பி வந்து ஆடியவரும் இதே மனிதர்தான். இன்று முகமூடி இல்லாத கோல் காப்பாளரை எங்கும் பார்க்க முடியாது.

அடுத்த பாய்ச்சல் 1980களில் வந்தது. பிலடெல்பியா பிளையர்ஸ் அணியின் ரொன் ஹெக்ஸ்டோல், பாட்டனும் தந்தையும் முன்கள வீரர்களாக இருந்த குடும்பத்தில் பிறந்தவர். அடிப்பது அவருக்கு இரத்தத்தில் ஊறியது. 1979இல் பில்லி ஸ்மித் என்ற காப்பாளரின் பெயரில் ஒரு கோல் பதிவாகியிருந்தது உண்மைதான். ஆனால் அது எதிரணி வீரர் தவறுதலாகத் தன் வலைக்குள்ளேயே அடித்துக்கொண்டது. ஹெக்ஸ்டோலின் கதை வேறு. 1987 டிசம்பர் 8ஆம் திகதி பொஸ்டன் அணி தோற்கும் நிலையில், மேலதிகமாக ஒருவரை முன்னே அனுப்புவதற்காகத் தன் காப்பாளரை வெளியே எடுத்தது. ஹெக்ஸ்டோல் வட்டைத் தூக்கி அடித்தார். இரண்டு கோல் கோடுகளுக்கும் இடையே 178 அடி. வட்டு வலைக்குள் போனது. அந்த லீக்கில் ஒரு காப்பாளர் தானே குறிபார்த்து அடித்த முதல் கோல் அது. 1989 ஏப்ரலில் வொஷிங்டனுக்கு எதிரான பிளேஓஃப் ஆட்டத்திலும் அதே வேலையைச் செய்து காட்டினார்.

கோல் அடிப்பது அபூர்வம். அன்றாடப் பயன் கோலுக்கு வழிசெய்து கொடுப்பதில்தான். எட்மன்டனின் கிராண்ட் பியூர் 1983–84 பருவத்தில் மட்டும் 14 கோல்களுக்கு உதவினார். டொம் பராசோ தன் வாழ்நாளில் 48 கோல்களுக்கு உதவினார். டலஸ் அணியின் மார்ட்டி டர்கோ, பெரிய கையுறையோடு மட்டையைப் பிடிப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கையை மேலிருந்து கவிழ்த்துப் பிடிக்கும் அந்தப் பிடி அவர் பெயராலேயே பிரபலமானது.

ஆனால் மிகச் சிறந்தவர் யார் என்று கேட்டால் நாம் நியூஜேர்சி டெவில்ஸ் அணியின் மார்ட்டின் புரோடரைத்தான் சொல்வோம். அவருடைய தந்தை டெனிஸ், 1956 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கனடா அணியின் காப்பாளர். மகன் 691 வெற்றிகள், எதிரணிக்கு ஒரு கோலும் கொடுக்காத 125 ஆட்டங்கள், மூன்று கோல்கள், மூன்று ஸ்டான்லி கிண்ணங்கள் என்று சாதனைகளைக் குவித்தார். அவர் வலையில் நின்றால் நியூஜேர்சிக்கு மேலதிகமாக ஒரு பின்கள வீரர் இருப்பது போல. மூலைக்கு அடித்து விரட்டும் தந்திரம் அவரிடம் பலிக்கவில்லை.

2004–05 பருவம் சம்பளத் தகராறில் முழுதாக ரத்தானது. ஆட்டத்தில் கோல்கள் குறைந்துவிட்டன என்ற முறைப்பாடும் இருந்தது. மீண்டும் தொடங்கியபோது லீக் பல விதிகளை ஒன்றாக மாற்றியது. அவற்றில் ஒன்று, கோலுக்குப் பின்னால் சரிவகம் ஒன்றை வரைந்தது. ஆம், நம் பிள்ளைகள் கணித பாடத்தில் படிக்கும் அதே சரிவகம்தான்! கோல் கோட்டுக்குப் பின்னால் அதற்குள் மட்டுமே காப்பாளர் வட்டைத் தொடலாம். மூலையில் தொட்டால் அவருடைய அணிக்கு இரண்டு நிமிடத் தண்டனை. இரசிகர்கள் இதற்கு வைத்த பெயர் 'புரோடர் விதி'.

விதி வந்த பிறகு அவர் வீழ்ந்தாரா? இல்லை. 2006–07 பருவத்தில் 48 வெற்றிகளோடு புதிய சாதனை படைத்தார். சிறந்த காப்பாளருக்கான வெசினா விருதை விதிக்கு முன் இரண்டு தடவை வென்றவர், பின்னும் இரண்டு தடவை வென்றார்.

அப்படியென்றால் விலை கொடுத்தது யார்? மூலைக்கு ஓடிய பின்கள வீரர்கள். உதவிக்கு வந்த காப்பாளரின் கையைக் கட்டிவிட்டதால் முதுகில் மோதல் வாங்குவது தாங்கள்தான் என்று அவர்கள் பக்கத்திலிருந்து முறைப்பாடுகள் வந்தன. 2014இல் சரிவகத்தைப் பக்கத்துக்கு இரண்டு அடி அகலமாக்கினார்கள். ஆனால் அழிக்கவில்லை. புதிய விதிகளோடு கோல்கள் கூடியது உண்மைதான். பல விதிகள் ஒன்றாக மாறியதால், அதில் சரிவகத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நமக்குத் தெரிந்த உதைபந்தாட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1992இல் அங்கேயும் காப்பாளரைக் குறிவைத்து ஒரு சட்டம் வந்தது. தன் அணி வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தைக் காப்பாளர் கையால் எடுக்கக் கூடாது. நேரத்தை இழுத்தடிப்பதைத் தடுக்க வந்த அந்தச் சட்டம், காப்பாளர்களைக் காலால் ஆடப் பழக்கியது. அங்கே சட்டம் ஒரு திறமையை வளர்த்தது. இங்கே சட்டம் வளர்ந்து நின்ற திறமைக்கு வேலி போட்டது.

வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு சட்டத்தைக் கண்டால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதை எழுதவைக்கும் அளவுக்கு முன்பு யார் என்ன செய்தார்? எழுதிய பிறகு அடி விழுந்தது யார் முதுகில்? பாடசாலை ஒழுங்கு விதிகளை எழுதும் நாமும், சங்கங்களுக்கு யாப்பு எழுதும் பெரியவர்களும் அந்த இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் நல்லது.