தோலும் மாவும்

எங்கள் குடும்பம் பம்பாய் தாராவிக்கு வந்து நான்கு தலைமுறை ஆகிறது. அதற்குள் தோல் பதனிடுவது, இட்லி, தட்டச்சு, தோல் பை, கணினி என்று ஐந்து பிழைப்பைப் பார்த்தாகிவிட்டது. இதைக் கேட்கிறவர்கள் எங்கள் உழைப்பைப் புகழ்வார்கள். தாராவியைப் பற்றி எழுத வருகிறவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. எங்கள் வீட்டில் ஆசைப்பட்டு வேலை மாறியவர்கள் குறைவு. அரசாங்கம் எதையாவது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளும். ஆண்களின் வேலை போகும். அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் பெண்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள்.

தோல் இங்கே வந்ததும் ஒரு தள்ளலால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய் பெருகப் பெருக, நாற்றம் பிடித்த தொழில்களை வெள்ளைக்காரர்கள் நகரத்தின் வடக்கு விளிம்புக்கு ஒதுக்கினார்கள். கசாப்புக்கூடம் பாந்த்ராவில் இருந்தது. மாகிம் கழிமுகத்துக்கு இந்தப் பக்கம் கோலி என்ற மீனவர்களின் குப்பம், சதுப்பு, காலி நிலம். வெட்டிய ஆட்டின் தோல் கெடுவதற்குள் வந்து சேரும் தூரம். தோல் கிடங்குகள் இங்கே முளைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அவற்றை நடத்தியவர்களில் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். வேலைக்கு வந்தவர்கள் அதே சீமையின் ஆதிதிராவிடர்கள். பெரிய சாலையில் நிற்கும் படீ மஸ்ஜித் 1887இல் எழுந்தது. 1913இல் ஆதிதிராவிடர்கள் கணேசர் கோயில் எடுத்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவர் முதலாளியாகவும் ஒருவர் கூலியாகவும் வந்து சேர்ந்த இடம் இது.

தாத்தா இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு வந்தார். திருநெல்வேலியில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்கு மூட்டையைச் சுமந்துபோய், அங்கிருந்து வேறு ரயிலில் பம்பாய். ஊரில் செத்த மாட்டைத் தூக்கினால் கூலி என்று ஒன்று கிடையாது, அது எங்கள் ஆட்களின் கடமை. இழிவு மட்டும் தவறாமல் கிடைக்கும். பம்பாயில் அதே தோலைத் தொட்டதற்கு சனிக்கிழமை சம்பளம் கொடுத்தார்கள். தாத்தா அந்தத் தொழிலைப் பற்றி ஒருநாளும் குறைபட்டதில்லை என்று அப்பா சொல்வார். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது புரிவதே இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாற்றத்தில் எப்படி இருந்தீர்கள்" என்று கேட்பார்கள்.

தோல் பதனிடும் டேனரியை எங்கள் ஆட்கள் கம்பெனி என்றுதான் சொன்னார்கள். உப்புப் போட்ட பச்சைத்தோல் மூட்டையாக வரும். அதை அலசி ஊறப்போட்டு, சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கினால் சில நாளில் மயிர் தளரும். பிறகு சாய்ந்த மரக்கட்டையில் விரித்துப்போட்டு, இருபக்கமும் பிடி வைத்த மழுங்கல் கத்தியால் மயிரை வழிக்க வேண்டும்; திருப்பிப்போட்டுக் கூரான கத்தியால் சதையைச் சீவ வேண்டும். தாத்தா சதை சீவுகிற ஆள். கொஞ்சம் அழுத்தினால் தோல் கிழிந்து கூலியில் பிடிப்பார்கள், கொஞ்சம் தளர்த்தினால் சதை தங்கித் தோல் கெடும். அதற்கப்புறம்தான் பதம். கடுக்காயும் மரப்பட்டையும் ஊறிய தண்ணீரில் போடுவது பழைய வழி. குரோம் உப்பில் போடுவது புதுசு; அதை 1903இல் மதராஸில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி தொடங்கிவைத்தார். பெரிய மரப் பீப்பாய் சுழன்று நின்றால் உள்ளே தோல் வெளிர்நீலமாகக் கிடக்கும். அதற்குப் பெயர் வெட் புளூ. சுண்ணாம்பு நகக்கண்ணைத் தின்றுவிடும். தாத்தாவின் இலையில் எலுமிச்சை ஊறுகாய் வைக்கக் கூடாது, விரல் எரியும்.

கோலி, அதாவது எங்கள் ஒற்றை அறை, சதுப்பின் மேல் இருந்தது. கம்பெனிக் கழிவும் குப்பையும் செம்மண்ணும் கொட்டி, அவரவரே மேடாக்கிக்கொண்ட தரை. பிள்ளைகள் பெருகியதும் பாதி உயரத்தில் பலகை அடித்து பொட்மாளா கட்டினார்கள். இடுப்பை வளைத்துத்தான் அதில் உட்கார முடியும். எங்கள் குடும்பத்தின் பைத் தொழில் பிற்பாடு அந்தப் பலகையின் மேல்தான் நடந்தது.

1971இல் கசாப்புக்கூடம் பாந்த்ராவிலிருந்து தேவனாருக்குப் போனது. பச்சைத்தோல் இனி லாரி ஏறி வர வேண்டும். அடுத்த அடி டில்லியிலிருந்து வந்தது. 1972இல் சீதாராமையா குழு, பச்சைத்தோலையும் அரைப்பதத் தோலையும் அப்படியே வெளிநாட்டுக்கு விற்பதைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலாகவும் செருப்பாகவும் பையாகவும் விற்க வேண்டும் என்றது. அரசும் அந்த வழியிலேயே போனது. நாட்டுக்கு நல்லது நடந்தது, ஆம்பூரும் ராணிப்பேட்டையும் அதில் வளர்ந்தன. தாராவியில் தொழிலின் முன்பகுதி தேய்ந்து பின்பகுதி வளர்ந்தது. தாத்தா தொட்டியில் நின்ற அதே கம்பெனியில் அப்பா தோலுக்குச் சாயம் அடித்தார், தேய்த்தார், மினுக்கினார். வீட்டுக்கு வரும்போது சட்டையில் அழுகல் வாடை போய் தின்னர் வாடை வந்தது. ஆச்சிக்கு இது பெரிய உயர்வாகத் தெரிந்தது. எனக்கு அப்பாவின் இருமல்தான் நினைவிருக்கிறது.

1985இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார், அதில் ஒரு பங்கு தாராவிக்கு. சாலை அகலமானது, சில மாடிக் கட்டடங்கள் எழுந்தன. மாசு பண்ணும் டேனரிகள் தேவனாருக்குப் போய்விட வேண்டும் என்ற அழுத்தமும் அந்தக் காலத்தில்தான் இறுகியது. சில கம்பெனிகள் போயின, சில மூடின. அப்பாவின் கம்பெனி மூடியது. கணக்குத் தீர்க்கும்போது பாதிப் பணம்தான் கையில் வந்தது.

அம்மா அதற்கு முன்பே மாவு அரைக்கத் தொடங்கியிருந்தாள். தாராவி இட்லியைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம். இரவு இரண்டு மணிக்குச் சந்துக்குச் சந்து அடுப்பு எரியும். விடிவதற்குள் இட்லி, மெதுவடை, சட்னி, சாம்பார் எல்லாம் அலுமினியப் பாத்திரத்தில் ஏறிவிடும். ஆண்கள் தலையிலோ சைக்கிளிலோ வைத்துக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி மாட்டுங்கா, தாதர், கோட்டை என்று நகரம் முழுக்கப் போவார்கள். அப்பாவுக்கு வேலை போனதும் அந்தப் பாத்திரம் அவர் தலைக்கு வந்தது. முதலில் சில மாதம், தெரிந்தவர் கண்ணில் படாத தெருவாகப் பார்த்துப் போனார்.

அவர் போனது பெரும்பாலும் மாட்டுங்காவுக்கு. அதுவும் தமிழர்களின் இடம்தான். ஆனால் கும்பகோணம், பாலக்காடு, திருநெல்வேலி அக்கிரகாரங்களிலிருந்து சுருக்கெழுத்தும் ஆங்கிலமும் கற்று வந்தவர்களின் இடம். 1932இல் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1942இல் ஸ்டேஷன் பக்கத்தில் ராம நாயக் உடுப்பிச் சாப்பாட்டுக்கடை வந்தது. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே ஒரு ரயில் பாதைதான். இரண்டு தமிழும் சந்தித்துக்கொண்டது அதிகாலை இட்லிப் பாத்திரத்தின் மேல்தான். "அங்கே யாரும் நம்ம சாதியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தா இட்லி வித்திருக்காது" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். டேனரித் தெருக் கோலியில் வெந்த இட்லி அது. வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

நான் தட்டச்சு கற்றதும் மாட்டுங்காவில்தான், இட்லிக் காசில். ஆங்கிலத்தோடு மராத்தித் தட்டச்சும் படி என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். 1966இல் சிவசேனை தொடங்கியபோது, குமாஸ்தா வேலையெல்லாம் மதராசிகள் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் அவர்களின் முதல் முழக்கம். அப்பா அப்போது இளைஞர், கம்பெனிக்கு நடந்து போகவே பயந்த நாட்களை மறக்கவில்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த எனக்கு மராத்தி விசைப்பலகைதான் முதல் வேலையை வாங்கிக்கொடுத்தது. சம்பளம் வந்ததும் அம்மா வடையை நிறுத்தினாள், இட்லியை நிறுத்தவில்லை. "உன் ஆபீஸும் ஒருநாள் எங்கேயாவது போகும்" என்றாள். போகத்தான் செய்தது. கோட்டையிலிருந்து பாந்த்ரா குர்லா வளாகத்துக்குப் போனது. 1977இல் பெருநகர வளர்ச்சி ஆணையத்திடம் ஒப்படைத்த சதுப்பு நிலம் அது. மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் சந்திலிருந்து கூப்பிடு தூரம். இந்த ஒரு முறை மட்டும் வேலை எங்களைத் தேடி வந்தது.

தம்பி பைக்காரன் ஆனான் என்று நாங்கள் கேலி பேசுவோம். அதற்கு வழிவிட்டது பஞ்சாலைகள் மூடியதுதான். 1982 ஜனவரியில் பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கி, இரண்டரை லட்சம் தொழிலாளிகள் வெளியே நின்று, பல ஆலைகள் திரும்பத் திறக்காமலே போயின. அப்புறம் இந்த நகரத்தின் தொழில் பெரிய கூரையை விட்டுச் சின்ன அறைகளுக்குள் சிதறியது. தையல், பை, பெல்ட், பிளாஸ்டிக் எல்லாம் தாராவியின் மாடிகளில் ஏறின. தம்பி ஒரு மராத்தி உஸ்தாதிடம் தோலை வெட்டக் கற்றான், பீகார்க்காரர்களிடம் மிஷின் தையல் கற்றான். தோலை விரலால் தடவி எந்த இடம் தாங்கும், எது இளகும் என்று சொல்ல மட்டும் யாரிடமும் கற்கவில்லை. தாத்தா இருந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு அது வந்திருந்தது. 1992 டிசம்பரிலும் 93 ஜனவரியிலும் கலவரம் தாராவியைப் புரட்டியது. அவன் வேலைபார்த்த கடையின் பாய் ஊரோடு போய்விட்டார், கடன் சொல்லி மிஷின்களைத் தம்பியிடம் விட்டுப்போனார். தம்பி முதலாளியானது அப்படி.

2015இல் மகாராஷ்டிரத்தில் காளை, எருது வெட்டவும் தடை வந்தது. தோல் விலை ஏறியது, வந்த சரக்கும் குறைந்தது. சிலர் ரெக்சினுக்கு மாறினார்கள். தம்பி ஆட்டுத்தோலையும் எருமைத்தோலையும் நம்பியிருக்கிறான். அவனுக்கு இப்போது முடித்த தோல் வருவது தமிழ்நாட்டிலிருந்து. பேரன் தைக்கும் தோலுக்கு வேலூர்ப் பக்கத்தில் யாருடைய தாத்தாவோ பதம் போடுகிறார்.

சினிமாக்காரர்கள் எங்களைப் பற்றி எடுத்ததில் கத்தி உண்டு, கோயில் திருவிழா உண்டு, பொங்கலன்று 90 அடி சாலையில் வரிசையாகப் பானை வைப்பதும் உண்டு. போட்டோ பாஸ் மட்டும் அவற்றில் இல்லை. 1976இல் குடிசைக் கணக்கெடுத்துக் கொடுத்த அந்த அட்டையை அம்மா அரிசி டப்பாவில் வைத்திருந்தாள். இப்போது அதற்கு மறுபடியும் மதிப்பு வந்திருக்கிறது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் எடுத்தது. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. மாடியில் இருப்பவர்களுக்கு தாராவிக்கு வெளியே, தவணைக்கு.

எங்கள் வீட்டில் கீழே அம்மாவும் கிரைண்டரும். பழைய பொட்மாளா இப்போது இரும்புப் படி வைத்த முழு மாடி. அங்கே தம்பியின் ஆறு மிஷின்கள், தோல் கட்டுகள், படுத்துறங்கும் பீகார்ப் பையன்கள். கணக்கெடுக்க வந்தவர்கள் கீழுக்கு ஒரு எண், மாடிக்கு ஒரு எண் என்று எழுதிவிட்டுப் போனார்கள். தம்பி மகனுக்கு ஐரோலியில் கணினி வேலை. செம்பூரில் வாடகைக்குப் போய்விடலாம், வீடு கட்டி முடித்ததும் சாவியை வாங்கிக்கொள்ளலாம் என்கிறான். அவன் சொல்வதில் தப்பு இல்லை. அவன் வேலை மடிக்கணினிக்குள் இருக்கிறது. தம்பி கணக்கெடுத்தவர்களிடம் ஒன்றுதான் கேட்டான். புதுக் கட்டடத்தில் தோல் கட்டை லிஃப்டில் ஏற்ற விடுவார்களா? அதற்குத் தனி அதிகாரி இருக்கிறார், ஆபீஸில் எழுதிக்கொடுங்கள் என்றார்கள். மனுவை மராத்தியில் நான்தான் அடித்துக்கொடுத்தேன்.