மெட்டாபிசிக்கல்

ஜான் டன், ஹெர்பர்ட், மார்வெல் முதலிய 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்களுக்கு விமர்சகர் சூட்டிய 'மெட்டாபிசிக்கல்' என்னும் அடைமொழி, பிறப்பிலே பரம்பொருளின் சூட்சுமம் எதையும் சுட்டியதன்று. அரிஸ்டாட்டிலின் நூல்களை வகைப்படுத்தியோர், இயற்கையைப் பற்றிய நூல்களுக்குப் 'பின்னே' வைத்தவை என்பதே இச்சொல்லுக்கு மூலமான கிரேக்கத் தொடரின் பொருள் என்பர். சுவடி அடுக்கிய வரிசை ஒரு சாஸ்திரத்துக்கே நாமகரணம் செய்துவிட்டது!

காதற் பாட்டிலும் தத்துவ நுட்பம் பேசி மங்கையர் மனத்தைக் குழப்புகிறார் என்று 1693-இல் டன்னைக் குறை கூறிய விமர்சகர் டிரைடன் இச்சொல்லைக் கவிதை விமர்சனத்துக்குள் கொணர்ந்தார். கவிஞர் கௌலியின் சரித்திரத்தை 1779-இல் வெளியிட்ட விமர்சகர் ஜான்சனோ, ஒவ்வாத பொருள்களை வலிந்து பிணைத்தவர்களென்று கண்டிக்கையில், அதனை ஒரு கூட்டத்தாருக்கே பெயராக்கினார். அக்கவிஞர்கள் தம்மை அங்ஙனம் அழைத்துக்கொண்டவரல்லர். பிரிந்து செல்லும் காதலரைக் கவராயத்தின் இரு கால்களுக்கு ஒப்பிட்ட டன்னின் உவமையில் மேலோங்குவது அபத்தமா, நுண்ணறிவா என்று ஜான்சன் ஐயுற்றார். எனக்கோ அதிற் கணிதத்தைக் காட்டிலும் கண்ணீரே மிகுதியாகத் தோன்றுகிறது. சிந்தனையையும் உணர்ச்சியையும் வேறுபடுத்தாது அனுபவித்தவர்கள் இவர்களென்று 1921-இல் விமர்சகர் எலியட் எழுதிய பிறகு, வசையாயிருந்த சொல் புகழ்ச்சியாயிற்று. தமிழில் 'தத்துவக் கவிஞர்' எனப் பெயர்ப்போர், டிரைடனின் ஏளனத்தை அறவே இழந்துவிடுகின்றனர்.